அளவுக்கல் நடுவதற்கு முன்பு

சாலை விரிவாக்கம் பற்றி ஊருக்குத் தெரியவரும் நாளில் அந்தத் திட்டத்துக்குப் பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல் வயதாகியிருக்கும். வீட்டுச் சுவரில் சிவப்புப் பெயின்ட் குறி விழுவது, புளியமரத்துக்கு எண் போடுவது, சர்வேயர் டேப்போடு வந்து நிற்பது எல்லாம் கோப்பின் கடைசிப் பக்கங்கள். அதற்குள் வாகனக் கணக்கெடுப்பு முடிந்திருக்கும், மதிப்பீடு தயாராகியிருக்கும், நிர்வாக ஒப்புதலும் வந்திருக்கும். சில ஊர்களில் டெண்டரே விட்டிருப்பார்கள். குறியைப் பார்த்த அன்றே மறியலுக்குக் கிளம்பும் ஊர் கோப்பில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே களத்தில் இறங்குகிறது. மறியல் பிறகு தேவைப்படலாம். முதல் இரண்டு வாரங்களுக்கு வேறு வேலைகள் காத்திருக்கின்றன.

இந்த அத்தியாயம் அந்த வேலைகளைப் பற்றியது. வேண்டாம் என்று மட்டும் சொல்லும் குழுவை அலுவலகங்கள் காக்க வைத்தே களைப்படையச் செய்துவிடும். இருக்கிற அகலத்திலேயே இன்னும் கூடுதலான மக்கள் எப்படிப் போய்வரலாம் என்பதை எண்களோடும் வரைபடத்தோடும் காட்டும் குழுவுக்கு யாராவது பதில் சொல்லியே ஆக வேண்டும். அண்மைக் காலத்தில் இந்தியாவில் இதற்குக் கிடைக்கும் தெளிவான உதாரணம் பெங்களூருவில் இருக்கிறது.

2016இல் அங்கே பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பால் வரை 6.7 கிலோமீட்டருக்கு ஆறு வழி இரும்பு மேம்பாலம் ஒன்றைக் கட்ட பெங்களூரு வளர்ச்சி ஆணையம் முனைந்தது. விமான நிலையத்துக்குப் போகும் பாதையின் நெரிசலைக் குறைப்பது நோக்கம். மதிப்பீடு 1,791 கோடி ரூபாய். வெட்டப்பட வேண்டிய மரங்கள் 812. மக்களிடம் கருத்துக் கேட்டாகிவிட்டது என்றது ஆணையம். வந்த மின்னஞ்சல்கள் 299, அவற்றில் 73 சதவீதம் ஆதரவு என்று கணக்கும் சொன்னது. ஒரு கோடிப் பேர் வாழும் நகரத்தின் சம்மதம் 299 மின்னஞ்சல்களில் அளக்கப்பட்டது பலரைக் கொதிப்படையச் செய்தது. அக்டோபர் 16, ஞாயிற்றுக்கிழமை காலை, மேம்பாலம் வரவிருந்த பாதை நெடுக ஆயிரக்கணக்கானோர் கைகோத்து நின்றார்கள். ‘ஸ்டீல் ஃப்ளைஓவர் பேடா’ (இரும்பு மேம்பாலம் வேண்டாம்) என்ற முழக்கம் நகரம் முழுவதும் பரவியது.

பலரும் இந்தக் கதையை அந்த மனிதச் சங்கிலியோடு முடித்துவிடுவார்கள். கற்றுக்கொள்ள வேண்டியது அதன் இரு பக்கங்களிலும் நடந்தவற்றில்தான் இருக்கிறது. சுற்றுச்சூழல் அனுமதி பெறாமலே வேலையைத் தொடங்கப் பார்க்கிறார்கள் என்ற வாதத்தோடு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு வழக்குப் போனது. அக்டோபர் 28 அன்று இடைக்காலத் தடை கிடைத்தது. தெருவில் நின்றவர்களுக்கு அந்தத் தடை மூச்சுவிட நேரம் கொடுத்தது, வழக்குத் தொடுத்தவர்களுக்குத் தெருவில் கூடிய கூட்டம் பலம் கொடுத்தது. ஒன்றில்லாமல் மற்றது நெடுநாள் தாங்கியிருக்காது. 2017 மார்ச் 2 அன்று கர்நாடக அரசு திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தது.

அந்த இயக்கம் வேண்டாம் என்பதோடு நிற்கவில்லை. நகரைச் சுற்றி ஏற்கெனவே கிடக்கும் தண்டவாளங்களில் புறநகர் ரயில் ஓட்டச் சொல்லிக் கேட்டது, பேருந்துகளைக் கூட்டச் சொல்லிக் கேட்டது. 2020 அக்டோபரில் 148 கிலோமீட்டர் நீளமுள்ள பெங்களூரு புறநகர் ரயில் திட்டத்துக்கு, 15,767 கோடி ரூபாய் மதிப்பில், மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. புறநகர் ரயில் பல பத்தாண்டுகளாகப் பலர் கேட்டுவந்தது. ஒரு இயக்கத்தால் மட்டும் வந்துவிடவில்லை. பணிகளும் மெதுவாகத்தான் நகர்கின்றன. ஆனாலும் ‘அப்படியானால் நெரிசலுக்கு என்னதான் வழி?’ என்ற கேள்விக்கு அவர்களிடம் எப்போதும் ஒரு பதில் இருந்தது.

யாருடைய சாலை, எந்தக் கோப்பு

முதல் கேள்வி சாலை யாருடையது என்பது. இது தெரியாமல் நகராட்சி ஆணையரிடம் மூன்று மாதம் மனுக் கொடுத்துவிட்டு, கடைசியில் ‘இது நெடுஞ்சாலைத் துறை ரோடு’ என்ற பதிலோடு திரும்பிய குழுக்கள் உண்டு. மைல்கல்லின் தலையைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்: மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. மாவட்டச் சாலைகளும் மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில்தான் இருக்கின்றன. அங்கே பார்க்க வேண்டியவர் கோட்டப் பொறியாளர். மற்றவை மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி அல்லது ஊராட்சி ஒன்றியத்துக்குரியவை. ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரே சாலை இரண்டு துறைகளுக்குச் சொந்தமாக இருப்பதும் சகஜம்.

அடுத்தது தகவல் உரிமைச் சட்ட மனு. பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில், பதில் வராவிட்டால் அல்லது திருப்தியில்லாவிட்டால் அடுத்த 30 நாளில் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. நடைமுறை பலருக்கும் தெரியும். கேள்வியை எப்படி எழுதுவது என்பதில்தான் சறுக்குகிறார்கள். ‘இந்தச் சாலையை ஏன் விரிவாக்குகிறீர்கள்?’ என்று கேட்டால் பொதுத் தகவல் அலுவலர் ஒரு வரியில் தட்டிக்கழித்துவிடலாம். இருக்கிற ஆவணத்தைத்தான் சட்டப்படி கேட்க முடியும், விளக்கத்தை அல்ல. ‘இந்தச் சாலையில் கடைசியாக நடத்திய போக்குவரத்துக் கணக்கெடுப்புத் தாள்களின் நகல்’ என்று கேட்டால் அவர் கொடுக்க வேண்டும், அல்லது அப்படியொன்று இல்லை என்று எழுத்தில் சொல்ல வேண்டும். இரண்டில் எது வந்தாலும் குழுவுக்கு லாபம்.

கணக்கெடுப்புத் தாள்களோடு விரிவான திட்ட அறிக்கை, நிர்வாக ஒப்புதல் அரசாணை, மதிப்பீட்டின் சுருக்கம், எத்தனை மீட்டர் அகலம் எடுக்கப்படும் என்று காட்டும் வரைபடம், மரங்களின் பட்டியல், பரிசீலித்த மாற்று வழிகள் பற்றிய குறிப்பு ஆகியவற்றையும் கேட்க வேண்டும். நகல் கேட்பதைவிடச் சிறந்த உரிமை ஒன்றும் அதே சட்டத்தில் இருக்கிறது: கோப்பை நேரில் உட்கார்ந்து பார்ப்பது. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமில்லை. கோப்பின் இடது பக்கக் குறிப்புகளில் யார் என்ன சந்தேகம் எழுப்பினார், யார் அதை ஒதுக்கினார் என்பதெல்லாம் கையெழுத்தோடு கிடக்கும். நில அளவை தெரிந்த ஒருவரையும் பொறியியல் படித்த ஒருவரையும் அழைத்துப் போவது நல்லது.

கூடவே பட்டா, புல வரைபடம், சாலையின் பதிவேட்டு அகலம் மூன்றையும் ஒப்பிட்டுவிட வேண்டும். ‘விரிவாக்கம்’ என்று ஊர் நினைப்பது சில இடங்களில் ஆக்கிரமிப்பு அகற்றமாக இருக்கும். அந்த இரண்டுக்கும் சட்டம் வேறு, நோட்டீஸ் வேறு, இழப்பீடு வேறு. சாலை நிலத்தில் நீட்டிக் கட்டிய படிக்கட்டுக்காக மொத்தக் குழுவும் வாதாடப் போனால், பட்டா நிலம் வைத்திருப்பவரின் நியாயமும் சேர்ந்து அடிபட்டுப்போகும்.

வண்டிகளை எண்ணும் கணக்கு

விரிவாக்கத்தின் அடிப்படை வாகனக் கணக்கெடுப்பு. இந்தியச் சாலைகள் பேரவையின் 1990ஆம் ஆண்டு வழிகாட்டு நெறி எல்லா வண்டிகளையும் ‘பயணி கார் அலகு’ என்ற ஒரே அளவுக்கு மாற்றுகிறது. கார் ஒன்று என்றால், இருசக்கர வண்டி 0.5 முதல் 0.75 வரை, மிதிவண்டி 0.4 முதல் 0.5 வரை, பஸ் 2.2 முதல் 3.7 வரை. வண்டி எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதை இது சரியாகவே சொல்கிறது. அதற்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது இந்தக் கணக்கில் எங்குமே வராது. நடந்து போகிறவர் வாகனம் இல்லை என்பதால் அவருக்கு இதில் அலகே கிடையாது.

ஒரு கற்பனைச் சாலையை எடுத்துக்கொள்ளலாம். காலை ஒரு மணி நேரத்தில் 300 கார்கள் போகின்றன, ஒவ்வொன்றிலும் சராசரியாக ஒன்றரைப் பேர். அதே நேரத்தில் 20 டவுன் பஸ்கள், ஒவ்வொன்றிலும் 50 பேர். கார்கள் 300 அலகை அடைத்துக்கொண்டு 450 பேரைக் கொண்டுபோகின்றன. பஸ்கள், அதிகபட்ச மதிப்பிலேயே வைத்தாலும், 74 அலகில் 1,000 பேரைக் கொண்டுபோகின்றன. இன்னும் பத்து பஸ் விட்டால் சாலைக்குக் கூடும் சுமை 37 அலகு. கூடுதலாகப் போகக்கூடியவர்கள் 500 பேர். இந்த நாலு வரிக் கணக்கை ஊர்ப் பெயரோடும் உண்மையான எண்களோடும் முன்வைப்பதுதான் குழுவின் மிக வலுவான ஆயுதம்.

எண்களைச் சேகரிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஜங்ஷனைப் பார்த்தாற்போலிருக்கும் டீக்கடை பெஞ்ச், கட்டம் போட்ட தாள், நான்கு பேர் போதும். காலை எட்டு முதல் பத்து, மாலை ஐந்து முதல் ஏழு. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு வரிசை. ஒருவர் கார், லாரி, வேன், ஒருவர் இருசக்கர வண்டியும் ஆட்டோவும், ஒருவர் பஸ், நான்காமவர் நடப்பவர்களையும் மிதிவண்டிகளையும் மட்டும் பார்க்க வேண்டும். வேலை கடினமானது இந்த நான்காமவருக்குத்தான். பள்ளி விடும் நேரத்தில் அவர் தாளில் கோடுகள் தடதடவென்று ஏறும். பஸ்ஸில் எத்தனை பேர் என்பதைக் கண்ணளவில் நான்கு தரமாகப் பிரித்துக்கொள்ளலாம்: சீட் காலி, சீட் நிறைந்தது, நிற்கிறார்கள், படியில் தொங்குகிறார்கள். சந்தை நாள் ஒன்று, சாதாரண வேலைநாள் இரண்டு என்று குறைந்தது மூன்று நாளாவது எடுத்தால்தான் எண்ணுக்கு மரியாதை இருக்கும். முகூர்த்த நாளையும் திருவிழா நாளையும் தவிர்த்துவிட வேண்டும், துறை எடுத்த கணக்கு அப்படியொரு நாளில் எடுக்கப்பட்டதா என்பதையும் காலண்டரில் பார்த்துவிட வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்தக் கணக்குக்குத் தனிப் பொருள் உண்டு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள்; மாதத்துக்குச் சராசரியாக 888 ரூபாய் அவர்களுக்கு மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கண்டது. அரசுப் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி கொடுக்கிறார்கள். பஸ் பயணத்துக்கும் மிதிவண்டிக்கும் அரசு தன் பணத்தைச் செலவிடுகிறது. அந்தப் பஸ் நிற்கவும் மிதிவண்டி ஓடவும் அதே அரசின் சாலை வரைபடத்தில் இடமில்லை. மனுவில் இதை இப்படியே எழுதலாம். 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையும் சாலை இடத்தை வாகனங்களுக்காக அல்லாமல் மக்களுக்காகப் பங்கிட வேண்டும் என்றுதான் சொல்கிறது.

அகலப்படுத்தினால் நெரிசல் குறையுமா

கூட்டத்தில் யாராவது எழுந்து கட்டாயம் கேட்கும் கேள்வி இது. கேட்பவர் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. தினமும் அரை மணி நேரம் சிக்னலில் நின்று வெந்தவராக இருப்பார். அவருக்கு மரியாதையான, உண்மையான பதில் வேண்டும்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கேட்டி நெடுஞ்சாலையை 280 கோடி டாலர் செலவில் அகலப்படுத்தி 2008இல் முடித்தார்கள். அணுகுசாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடங்கள். 2011க்கும் 2014க்கும் இடையில் அதே சாலையில் காலைப் பயண நேரம் சுமார் 30 சதவீதமும் மாலைப் பயண நேரம் சுமார் 55 சதவீதமும் கூடின. இது ஓர் ஊரின் துரதிர்ஷ்டம் இல்லை. டுரான்டன், டர்னர் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்கப் பெருநகரங்களின் தரவுகளை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட கட்டுரையில், சாலைத் தடங்களின் மொத்த நீளம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ ஏறக்குறைய அதே விகிதத்தில் வண்டிகள் ஓடும் தூரமும் கூடுகிறது என்று காட்டினார்கள். சாலை காலியானதும் முன்பு பஸ்ஸில் போனவர் வண்டி எடுக்கிறார், நெரிசலுக்குப் பயந்து ஒன்பதரைக்குக் கிளம்பியவர் எட்டரைக்குக் கிளம்புகிறார், பத்து கிலோமீட்டர் தள்ளி மனைப்பிரிவு போடுகிறார்கள்.

அவ்வளவு தூரம் போகாமல் சென்னையிலேயே பார்க்கலாம். பழைய மகாபலிபுரம் சாலை 2008இல் ஆறு வழி ராஜீவ் காந்தி சாலையானது. அந்த அகலம் போதவில்லை. இப்போது அதன் நடுவே மெட்ரோ ரயிலுக்குத் தூண்கள் எழும்புகின்றன.

சிறு ஊர்களில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்ளும். நெரிசல் பிறக்கும் இடம் பெரும்பாலும் சாலையின் நடுப்பகுதி இல்லை. ஜங்ஷன், ரயில்வே கேட், குறுகிய பாலம், பஸ் ஸ்டாண்ட் வாசல் என்று ஏதோ ஓரிடத்தில்தான் வண்டிகள் தேங்கும். கழுத்தை அப்படியே விட்டுவிட்டுக் குடத்தின் வயிற்றை மட்டும் பெரிதாக்கினால் தண்ணீர் வேகமாக விழாது. எந்த இடத்தில் தேக்கம் தொடங்குகிறது என்பதைக் கணக்கெடுக்கும் நாட்களிலேயே குறித்து வைத்தால், பல சாலைகளில் இடதுபுறத் திருப்பத்தைச் சரிசெய்வது, பஸ் நிறுத்தத்தை ஜங்ஷனைவிட்டுச் சற்றுத் தள்ளிவைப்பது, கடை வாசல் பார்க்கிங்கை ஒழுங்குபடுத்துவது போன்ற சிறு வேலைகளே போதும் என்பது புரியும்.

ஆம்புலன்ஸ் போக வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. நான்கு வழியிலும் கார்கள் நிறைந்து நின்றால் ஆம்புலன்ஸும் அங்கேதான் நிற்கும். பஸ்ஸுக்கென்று ஒதுக்கிய தடம் இருந்தால் அவசர ஊர்திக்கும் அதுவே வழி.

எல்லா விரிவாக்கத்தையும் எதிர்க்க வேண்டும் என்பதில்லை, அதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பஸ்ஸே திரும்ப முடியாத வளைவு, இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் ஒன்று வயலில் இறங்க வேண்டிய கிராமச் சாலை, விபத்து நடந்துகொண்டே இருக்கும் ஒற்றைப் பாலம் போன்ற இடங்களில் அகலம் உயிர் காக்கும். அவற்றையும் சேர்த்து எதிர்க்கும் குழுவை யாரும் நம்பமாட்டார்கள். அதேபோல, ‘ஊருக்குள் வேண்டாம், புறவழிச்சாலை போடுங்கள்’ என்பதை ஆலோசிக்காமல் மாற்றாக நீட்டுவதும் தவறு. அந்தப் புறவழிச்சாலை பக்கத்து ஊர்க்காரரின் நஞ்சை நிலத்தில்தான் போகும். அவரைக் கேட்காமல் அவர் நிலத்தைக் காட்டிக்கொடுக்க யாருக்கும் உரிமையில்லை.

அதே அகலத்தில் வேறொரு சாலை

மாற்று வரைபடம் வரைவது நினைப்பதைவிட எளிது. அறுபது அடி ரோடு என்று சொல்லப்படும் சாலை ஏறக்குறைய 18 மீட்டர். இருபுறமும் இரண்டரை மீட்டர் நடைபாதை, இருபுறமும் இரண்டு மீட்டர் மிதிவண்டித் தடம், நடுவில் ஏழு மீட்டர் வண்டிச் சாலை என்று வைத்தால் 16 மீட்டர் ஆகிறது. மீதி இரண்டு மீட்டர் மரங்களுக்கும் விளக்குக் கம்பங்களுக்கும் பஸ் நிறுத்த நிழற்குடைக்கும் போகும். நடைபாதைக்கு இந்தியச் சாலைகள் பேரவையின் 2012ஆம் ஆண்டு நெறிமுறை குறைந்தது 1.8 மீட்டர் தடையற்ற அகலமும், 150 மில்லிமீட்டருக்கு மிகாத உயரமும் சொல்கிறது. ஊரில் இப்போதுள்ள நடைபாதையை டேப் வைத்து அளந்து, டிரான்ஸ்ஃபார்மரும் விளம்பரப் பலகையும் போக எவ்வளவு மிஞ்சுகிறது என்று வரைபடத்துக்குப் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். தடையற்ற நடைபாதை வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் சொல்லியிருப்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகள் சங்கமான நாக்டோ, மூன்று மீட்டர் அகலத் தடம் ஒன்றில் ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் போக முடியும் என்று கணக்கிட்டிருக்கிறது. கார்களுக்கு விட்டால் 600 முதல் 1,600 பேர். பஸ்ஸுக்கு மட்டும் விட்டால் 4,000 முதல் 8,000 பேர். நடைபாதையாக்கினால் சுமார் 9,000 பேர் வரை. பொறியாளருக்கு இது புதிய செய்தியாக இருக்காது; ஊர் மக்களும் இதைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள் என்பதே அவருக்குச் செய்தி.

‘நம் ஊருக்கு இதெல்லாம் ஒத்துவராது’ என்பவர்களைத் தியாகராய நகருக்கு அனுப்பலாம். சென்னை மாநகராட்சி 2014இல், போக்குவரத்துக்கான தன் நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் மிதிவண்டிகளுக்கும் செலவிட வேண்டும் என்று ஒரு கொள்கையை ஏற்றது. நடைமுறையில் நகரம் அந்தக் கொள்கையிலிருந்து வெகுதூரம் பின்தங்கியிருக்கிறது. ஆனாலும் தியாகராய நகரின் பாண்டி பஜாரில் தற்காலிகமாகச் சாலையை மாற்றிச் சோதித்துப் பார்த்துவிட்டு, 2019 நவம்பரில் நிரந்தர நடைபாதை வளாகத்தைத் திறந்தார்கள். சோதித்துப் பார்க்கும் அந்த வழியைச் சிறு ஊர்க்குழுக்களும் கேட்கலாம்: ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூம்புத் தடுப்புகள், சாக்பீஸ் கோடு, காவல் நிலைய அனுமதி. கடைக்காரர்களின் அச்சம் வாதத்தால் தீருவதைவிட அந்த ஒரு நாள் விற்பனையால் விரைவில் தீரும்.

பஸ்ஸைப் பற்றிக் கேட்கும்போது ‘கூடுதல் பஸ்’ என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்தத் தடம், எந்த நேரத்தில் எத்தனை நடை, எத்தனை நடை ரத்தாகிறது என்பதை டெப்போவில் தகவல் மனுப் போட்டு வாங்கிவிட வேண்டும். காலை எட்டு இருபதுக்கும் ஒன்பது பத்துக்கும் இடையே இந்தத் தடத்தில் பஸ்ஸே இல்லை என்று எழுதிக் கேட்டால், கிளை மேலாளரால் அதற்கு நேர்ப்பதில் தர முடியும்.

நாட்களை எண்ண வேண்டிய இடம்

தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஏ பிரிவின்படி அறிவிக்கை வரும். அதன் சாரம் இரண்டு நாளிதழ்களில், ஒன்று உள்ளூர் மொழியில், வெளியாக வேண்டும். அறிவிக்கை அரசிதழில் வெளியான நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபனை கொடுக்க வேண்டும். நாட்களில் ஞாயிறும் பொங்கலும் சேர்ந்தே போகும். ஆட்சேபித்தவரை நேரிலோ வழக்கறிஞர் மூலமோ கேட்க வேண்டியது அதிகாரியின் கடமை. அதற்குப் பின் 3டி அறிவிப்பு வந்துவிட்டால் நிலம் அரசுக்குப் போய்விடும். பிறகு பேச்சு இழப்பீட்டைப் பற்றியதாகிவிடும்.

மாநிலச் சாலைகளுக்கு 2001ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டம், பிரிவு 15. நிலத்தை ஏன் எடுக்கக் கூடாது என்று காரணம் கேட்டு உரிமையாளருக்கு நோட்டீஸ் வரும். பதில் தர வேண்டிய கெடு அதிலேயே இருக்கும். 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்திலுள்ள சமூகத் தாக்க மதிப்பீடு இந்த வழியில் கிடையாது. இதற்காக மாநில அரசு கொண்டுவந்த 2019ஆம் ஆண்டுச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2021இல் உறுதிசெய்தது. ஆகவே அந்த நோட்டீஸுக்குத் தரும் பதிலே ஏறக்குறைய ஒரே வாய்ப்பு.

இங்கே ஊர்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு தவறு உண்டு. ஐந்நூறு பேர் கையெழுத்திட்டு ஒரே மனு கொடுப்பார்கள். பதிவேட்டில் அது ஓர் ஆட்சேபனை. ஐம்பது பேர் தனித்தனியாக, தத்தம் சர்வே எண்ணும் சொந்தக் காரணமும் எழுதிக் கொடுத்தால் ஐம்பது ஆட்சேபனைகள், ஐம்பது விசாரணைகள். ஒவ்வொன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்கி, நகலைப் பதிவுத் தபாலிலும் அனுப்பிவிட வேண்டும். தனிப்பேச்சுவார்த்தை என்று அழைத்து ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துக் கேட்டால் வீட்டுக்கு எடுத்துவந்து படித்துவிட்டுத் தருவதாகச் சொல்ல எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

சாலையோர வியாபாரிகளுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி, கணக்கெடுப்பு முடியும்வரை அவர்களை அப்புறப்படுத்த முடியாது. அப்புறப்படுத்துவதற்கு முன் 30 நாள் நோட்டீஸ் வேண்டும். நகர விற்பனைக் குழுவில் 40 சதவீத இடம் அவர்களுக்கு. பூக்காரம்மாவும் இளநீர்க்கடைக்காரரும் பெரும்பாலும் குழுக்கூட்டத்துக்கு அழைக்கப்படுவதே இல்லை. விடியற்காலையிலிருந்து இரவுவரை சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்தான். எந்த நேரத்தில் எங்கே தேங்குகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. முதல் கூட்டத்திலேயே அவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மரங்களைப் பற்றிக் கனவு காணாமல் பேச வேண்டும். மேற்கு வங்கத்தில் ஜெசோர் சாலையில் ஐந்து ரயில்வே மேம்பாலங்களுக்காக 356 மரங்களை வெட்டுவது பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றம் அமைத்த வல்லுநர் குழு, மரத்தின் வயதை ஆண்டுக்கு 74,500 ரூபாயால் பெருக்கினால் வருவதே அதன் மதிப்பு என்று 2021இல் கணக்கிட்டது. நூறு வயது மரம் ஒன்று 74 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் பெறும். அப்படியிருந்தும் 2023இல் நீதிமன்றம் வெட்ட அனுமதித்துவிட்டது. அந்தக் கணக்குமுறை ஆவணத்தில் இருக்கிறது, திட்ட மதிப்பீட்டில் மரங்களுக்கு என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று கேட்க அதைப் பயன்படுத்தலாம். ஆனால் மரம் மட்டுமே வழக்கின் முழு பாரத்தையும் தாங்காது என்பதையும் அந்தத் தீர்ப்பு காட்டுகிறது. பொதுநிலத்து மரங்களை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அந்தக் குழுவின் தலைவர் ஆட்சியர். ஆட்சேபனையின் ஒரு பிரதி அங்கேயும் போக வேண்டும்.

ஊராட்சிப் பகுதி என்றால் கிராம சபைத் தீர்மானத்தை விடக் கூடாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள். தீர்மானத்தில் எதிர்ப்பை எழுதுவதோடு மாற்று வரைபடத்தையும் இணைப்பாகச் சேர்த்து, தீர்மானப் புத்தகத்தின் அந்தப் பக்கத்துக்கு அன்றே நகல் கேட்டுவிட வேண்டும்.

திட்டம் நின்றுவிட்டதாகச் செய்தி வந்தால் அதை எழுத்தில் வாங்குவது அடுத்த வேலை. ‘நிறுத்திவைக்கப்பட்டது’ என்பதும் ‘கைவிடப்பட்டது’ என்பதும் ஒன்றில்லை. நிர்வாக ஒப்புதல் ரத்தான ஆணை கையில் இருந்தால்தான் ரத்து. பெங்களூருவின் இரும்பு மேம்பாலம் 2019 தொடக்கத்தில் மறுபடி தலைதூக்கி, எதிர்ப்பு கிளம்பியதும் மறுபடி அடங்கியது. பிறகு ஹெப்பாலிலிருந்து சில்க் போர்டு வரை சுரங்கச் சாலை என்ற திட்டம் வந்தது. எண்ணிய தாள்கள், தகவல் மனுவுக்கு வந்த பதில்கள், ஒப்புகைச் சீட்டுகள் எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி எடுத்து மூன்று வீடுகளில் வைத்திருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து அதே பெஞ்சில் அதே நான்கு பேர் உட்கார்ந்து மறுபடி எண்ணி, கேட்ட பஸ் நடைகளில் எத்தனை வந்தன, நடைபாதை எவ்வளவு தூரம் சீரானது என்ற விவரத்தோடு கோட்டப் பொறியாளருக்கும் கிளை மேலாளருக்கும் ஒரே கடிதத்தை அனுப்ப வேண்டும்.